கோப்பு ஏற்ற பிளக்-இன் வேண்டாம்

"அந்தப் பக்கம் பழைய பிரவுசரில்தான் சார் திறக்கும்" என்று இன்றும் சில அலுவலகங்களில் சொல்கிறார்கள். கோப்பு ஏற்றும் அந்தப் பக்கத்துக்குப் பிளக்-இன் வேண்டும், அதாவது பிரவுசருக்குள் தனியாக நிறுவும் துணை மென்பொருள்; புதிய பிரவுசரில் அது ஓடாது. அந்த ஒரு வேலைக்காகவே அப்டேட்டை நிறுத்திவைத்த கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஃபிளாஷ் என்ற பிளக்-இன் வழியாகக் கோப்பு ஏற்றும் ஃபிளாஷ் அப்லோடர் வந்த காலத்தில் அதற்கு நியாயமான காரணம் இருந்தது. சாதாரண ஃபைல் பெட்டியில் ஒரு முறைக்கு ஒரு கோப்புதான் எடுக்க முடியும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்றும் தெரியாது. ஃபிளாஷ் இரண்டையும் தீர்த்தது. ஆனால் பயர்பாக்ஸில் லாகின் செய்தவர் ஃபிளாஷ் வழியாகக் கோப்பு அனுப்பினால், அவர் யார் என்று சர்வருக்குச் சொல்லும் குக்கீ அதோடு சேர்ந்து போகாது. சர்வர் ஆளைத் தெரியாமல் லாகின் பக்கத்துக்குத் தள்ளிவிடும். அதனால் நாங்கள் செஷன் ஐடியை, அதாவது லாகின் செய்தவரை அடையாளம் காட்டும் எண்ணை, யூஆர்எல்லின் வாலில் ஒட்டி அனுப்பினோம். கோப்பு ஏறியது. சில மாதம் கழித்து, வந்த யூஆர்எல்களை எல்லாம் பதிந்துவைக்கும் சர்வர் லாகைத் திறந்தால், வரிக்கு வரி செஷன் ஐடி. அந்த லாகைப் பார்க்க முடிந்த யாரும், இன்னும் லாக்-அவுட் செய்யாத ஒருவரின் கணக்குக்குள் போயிருக்கலாம். குறுக்குவழியின் விலை அன்றுதான் எனக்கு உறைத்தது.

குரோம் 2015 செப்டம்பரில் ஜாவா, சில்வர்லைட் போன்ற பழைய வகை பிளக்-இன்களை முழுவதுமாகக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே தன் உள்ளடக்கத்தை ஓட்ட மறுத்தது.

இன்று பல கோப்புகளை ஒன்றாக எடுப்பதும், ஏறும் அளவைக் காட்டுவதும் பிரவுசருக்கே தெரியும். பெரிய கோப்பை ஜாவாஸ்கிரிப்டில் கோப்பை வெட்டும் ஸ்லைஸ் கட்டளை கொண்டு துண்டு துண்டாக அனுப்பலாம். 300 எம்பி வீடியோவை 1 எம்பிக்குச் சற்றுக் குறைவான துண்டுகளாக்கினால், நடுவில் நெட் போனாலும் விட்ட துண்டிலிருந்து தொடரலாம். ஏன் 1 எம்பி? எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளில் ஒரு முறை அனுப்புவதற்கான இயல்பு வரம்பு அதுதான். தாண்டினால், அளவு மிகப் பெரிது என்று சொல்லும் 413 பிழை வரும். சர்வரில் ஓடும் பிஎச்பி நிரல்மொழியில் ஒரு கோப்புக்கு இயல்பு வரம்பு 2 எம்பி. பிரவுசர்மேல் பழி போடுமுன் இந்த இரண்டையும் பாருங்கள். அப்புறம், ஒவ்வொரு துண்டுக்கும் செஷனைச் சரிபாருங்கள், முதல் துண்டுக்கு மட்டும் அல்ல.

டிஜிட்டல் கையெழுத்துக்கான ரகசியச் சாவியை வைத்திருக்கும் யூஎஸ்பி டோக்கன் விஷயம் வேறு. அதிலுள்ள சாவியை வெப் பக்கம் நேரடியாகத் தொட முடியாது; கம்ப்யூட்டரில் ஒரு சின்ன துணை நிரல் வேண்டும். அது அதே கம்ப்யூட்டரைக் குறிக்கும் 127.0.0.1 முகவரியில் மட்டும் காத்திருக்கட்டும், எந்தத் தளம் கேட்கிறது என்று பார்த்தே பதில் சொல்லட்டும்.