பற்றாசு: ‘சால்டர்’ என்பதற்குரிய தமிழ்ச்சொல்

பற்றாசு, பெயர்ச்சொல். இரண்டு உலோகத் துண்டுகளை இணைப்பதற்கு, அவை உருகாத சூட்டிலேயே தான் மட்டும் உருகி, இடுக்கில் பாய்ந்து, ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொள்ளும் உலோகக் கலவை. மின்னணு வேலை செய்பவர்கள் ‘சால்டர்’ என்றும் ‘ஈயம்’ என்றும் சொல்வது இதைத்தான். இதன் வினை பற்றாசிடுதல், அதாவது ‘சால்டரிங்’. பற்றாசு வைத்தல், பற்றாசு பிடித்தல் என்றும் சொல்லலாம்.

வீட்டு மேசையில், பற்றாசை உருக்கும் சூட்டுக்கருவியான சால்டரிங் அயன் ஒன்றை வைத்துக்கொண்டு புதிதாகப் பழகுகிறவர்கள் தமிழில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும் சொல் ‘பற்றவைத்தல்’. இது பிழையான சொல் அன்று. ஆனால் அது சுமக்கும் வேலைகள் அதிகம். அடுப்பையும் பற்றவைக்கிறோம், விளக்கையும் பற்றவைக்கிறோம், வெல்டிங்கையும் அப்படியேதான் சொல்கிறோம். வெல்டிங்கில் இணைக்க வேண்டிய இரும்பே விளிம்பில் உருகி ஒன்றோடொன்று கலக்கிறது. சால்டரிங்கில் அப்படி எதுவும் நடப்பதில்லை. செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். மேசையில் இருக்கும் அயனின் முனை 350 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில்தான் நிற்கிறது. செம்பு செம்பாகவே இருக்க, நடுவில் வரும் மூன்றாவது உலோகம் இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. அந்த மூன்றாவதற்கு ஒரு தனிப்பெயர் வேண்டும். அது நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது.

பற்று, ஆசு என்ற இரண்டும் சேர்ந்தது பற்றாசு. பற்று என்றால் பிடிப்பு. ஆசு என்பதற்குக் குற்றம் என்ற பொருளை நாம் அறிவோம். அதே சொல்லுக்கு உலோகத்தை இணைக்கும் பொடி என்ற பொருளும், பற்றுக்கோடு என்ற பொருளும் உண்டு. பொற்கொல்லர் பட்டறையில் பிறந்த சொல் இது. நகையின் இரண்டு முனைகளைச் சேர்க்க, நகைப் பொன்னைவிடக் குறைந்த சூட்டில் உருகும் கலவையைப் பொடியாக வைத்து, வெண்காரம் இட்டு, ஊதுகுழலால் ஊதிச் சேர்ப்பார்கள். ‘பொடி வைத்து ஊதுதல்’ என்பது அந்தத் தொழிலின் பேச்சு.

இந்தச் சொல் யாப்பிலக்கணம்வரை போயிருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நேரிசை வெண்பாவில் முதலில் வரும் குறட்பாவுக்கும் அதன் பின்வரும் தனிச்சொல்லுக்கும் இடையில் ஓசை ஒட்டாமல் விட்டுப்போனால், அந்த இடத்தில் ஓரசையோ ஈரசையோ கூட்டி இணைப்பார்கள். அப்படிக் கூட்டும் அசைக்குப் பெயர் ஆசு. அந்தப் பாவுக்குப் பெயர் ஆசிடை நேரிசை வெண்பா. ஒன்றுபடாத உலோகங்களைப் பற்றாசு இட்டு ஒன்றுபடுத்துவதுபோல என்றுதான் பழைய உரையும் இதை விளக்குகிறது. பட்டறையின் சொல் ஒன்றைப் புலவர்கள் எடுத்துத் தங்கள் இலக்கணத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள் என்றால், அது அன்றைக்கு எவ்வளவு தெளிவான சொல்லாக இருந்திருக்க வேண்டும்!

‘சால்டர்’ என்ற சொல்லின் வரலாறு வேறு. கெட்டியாக்குதல் என்னும் பொருளுள்ள ‘சொலிதாரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வழியில் ‘ல்’ ஒலி தேய்ந்துபோனது. பின்னாளில் லத்தீன் மூலத்தைப் பார்த்து எழுத்தில் அதைத் திரும்பச் சேர்த்தார்கள். அமெரிக்கர்கள் இன்றும் அந்த ‘ல்’லை ஒலிப்பதில்லை. வெளிநாட்டுக் காணொளிகளில் ‘சாடர்’ என்று காதில் விழுவது இதனால்தான். லத்தீன்காரர் கண்ணில் பட்டது கெட்டிப்படுவது, நம்மவர் கண்ணில் பட்டது பற்றிக்கொள்வது.

பேச்சில் ‘ஈயம் வைத்தல்’ என்பதும் உண்டு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் ஈயம் என்பது வெள்ளீயம் (டின்), காரீயம் (லெட்) இரண்டுக்கும் பொதுவான பெயர். பழகுவோர் அதிகம் வாங்கும் பற்றாசுக் கம்பியில் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் இருக்கும். அது 183 டிகிரியில், இடையில் கூழ்நிலை இல்லாமல், ஒரே வீச்சில் உருகும். அதே சூட்டில் ஒரே வீச்சில் இறுகவும் செய்யும். 60க்கு 40 என்ற கலவையும் கிட்டத்தட்ட இதே போன்றதுதான், ஆனால் இறுகுமுன் சில டிகிரிகளுக்குக் கூழாக நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006 ஜூலை முதல் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு வந்ததால், வெள்ளீயத்தோடு சிறிது வெள்ளியும் செம்பும் சேர்த்த கலவை பரவியது. அது உருக ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். இந்தப் புதுக் கம்பியைச் சிலர் ‘ஈயமற்றது’ என்று எழுதுகிறார்கள். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேல் ஈயம்தான், அதாவது வெள்ளீயம்! ‘காரீயமற்ற பற்றாசு’ என்றே எழுத வேண்டும். நஞ்சு எது என்பது பெயரிலேயே தெரிய வேண்டாமா? காரீயம் கலந்த கம்பியைத் தொட்டவர்கள் கையை நன்றாகக் கழுவிவிட்டே சாப்பிட வேண்டும். வேலையின்போது எழும் புகை காரீய ஆவி அன்று, கம்பிக்குள் இருக்கும் பிசின் கருகி வருவது. அதுவும் மூச்சுக்கு ஆகாது, காற்றோட்டம் வேண்டும்.

பற்றாசு என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது ஒரே ஒரு இணைப்பைக் கூர்ந்து பார்த்தால் விளங்கும். மின்சுற்றுப் பலகையின் துளையில் மின்தடை (ரெசிஸ்டர்) என்னும் சிறு பாகத்தின் கம்பிக்கால் நிற்கிறது, துளையைச் சுற்றிச் செம்பு வளையம். அயன் முனை காலையும் வளையத்தையும் ஒருசேரத் தொட வேண்டும். ஓரிரு நொடி கழித்து, கம்பியை அயன் முனையில் அல்ல, சூடேறிய காலும் வளையமும் சேரும் இடத்தில் கொடுக்க வேண்டும். சூடு போதுமானதாக இருந்தால் கம்பி நுனி சட்டென்று இளகி, பளபளவென்று வளையம் முழுவதும் பரவி, காலில் சற்று ஏறி, உட்குழிந்த சரிவாக நிற்கும். முதலில் கம்பியை எடுக்க வேண்டும், பிறகு அயனை. இறுகும்வரை எதையும் அசைக்கக் கூடாது. உருகிய வெள்ளீயம் செம்பின் மேற்பரப்போடு வினைபுரிந்து மெல்லிய சேர்மப் படலம் ஒன்றை உண்டாக்குகிறது. பற்று என்பது அந்தப் படலம்தான். அயன் முனையில் உருக்கிக் கொண்டுவந்து சூடேறாத செம்பின்மேல் சொட்டினால் அது உருண்டையாகத் திரண்டு உட்கார்ந்துவிடும். பார்வைக்கு இணைந்ததுபோல் இருக்கும், உள்ளே பற்று இருக்காது. பழுதுபார்ப்பவர்கள் அதை ‘டிரை’ என்கிறார்கள். ‘பற்றா இணைப்பு’ என்று சொன்னால் குறை எங்கே என்பதையும் சேர்த்தே சொன்னதாகிவிடும்.

கம்பிக்குள் இருக்கும் அந்தப் பிசினை ‘ஃப்ளக்ஸ்’ என்பார்கள். அதற்கு வேதியியல் பாடநூல்களில் உள்ள ‘இளக்கி’யை இங்கே கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை. உலையில் அழுக்குகளோடு சேர்ந்து அவற்றை இளகிய கசடாக்குவதற்கு அது சரியான பெயர். பலகையில் பிசின் செய்யும் வேலை செம்பின்மேல் படிந்த ஆக்சைடை அகற்றி, மீண்டும் படியாமல் மூடிக்காப்பது. ‘துலக்கி’ என்று சொல்லிப் பார்க்கலாம், இல்லையேல் ஃப்ளக்ஸ் என்றே இருக்கட்டும். அயன் முனைக்கு முதலில் பற்றாசு பூசிப் பளபளப்பாக வைத்துக்கொள்வதற்குப் புதுச்சொல் தேவையில்லை. பாத்திரத்துக்குச் சொல்லும் ‘ஈயம் பூசுதல்’ அப்படியே பொருந்தும். அயனைப் பற்றாசுக்கோல் எனலாம். தவறாக வைத்ததை உருக்கி, செப்புப் பின்னலால் ஒற்றியோ குழலால் உறிஞ்சியோ எடுப்பது பற்றாசு நீக்கல்.