அடி பத்தி கேக்குறதுக்கு முன்னாடி ஏடிஎம் கார்டு பத்தி கேளுங்க

போன வருஷம் ஒரு நாள் பட்டர்வொர்த்துல இருந்து ஃபெரி புடிச்சு ஒருத்தவங்க, வீட்டுல வன்முறைய அனுபவிக்கிற பெண்களுக்கு உதவுற எங்க பினாங்கு ஆபிசுக்கு வந்தாங்க. கையில ஒரு பிளாஸ்டிக் பை, உள்ள பேங்க்ல இருந்து வந்த கடிதம் ஒரு கட்டு, பாதிக்கு மேல பிரிக்கவே இல்ல. "மிஸ், இதுல என்ன போட்டுருக்குன்னு கொஞ்சம் படிச்சு சொல்றீங்களா, தொறக்கவே பயமா இருக்கு"ன்னாங்க. அடி உதை பத்தி பேச அவங்க வரல, பக்கத்து வீட்டு அக்கா "அங்க போனா கடன் பிரச்சனைக்கும் வழி சொல்லுவாங்க"ன்னு அனுப்பியிருக்காங்க, அவ்வளவுதான்.

ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு ரெண்டு மூணு பேரோட விஷயத்த ஒண்ணா கலந்துதான் இங்க எழுதுறேன். மலேசியாவுல பினாங்குல நான் கவுன்சலரா வேல செய்ய ஆரம்பிச்சு 17 வருஷம் ஆச்சு, இந்த மாதிரி பையோட வந்து உக்காந்தவங்க நெறைய பேரு.

பிரிச்சுப் பாத்தா ஒரு கார் லோன், ஒரு பெர்சனல் லோன், ரெண்டு கிரெடிட் கார்டு, எல்லாம் அவங்க பேர்ல. அவங்களுக்கு கார் ஓட்டவே தெரியாது. பிறைங்குற ஊர்ல ஃபேக்டரி வேல, 12 மணி நேர ஷிஃப்ட், ஓவர்டைம் எல்லாம் சேத்து நல்ல சம்பளம்தான், ஆனா சம்பளம் விழுற ஏடிஎம் கார்டு வீட்டுக்காரர் பர்ஸ்ல இருக்கும், காலையில பத்து வெள்ளி (ரிங்கிட்) குடுப்பாரு, ராத்திரி வந்து மிச்சம் எவ்வளவுன்னு கேப்பாரு. கோவிட் நேரத்துல ஐ-சினார்னு ஈபிஎஃப் (சேமநிதி) காச எடுக்க விட்டாங்கள்ல, அதுவும் அவரு கைக்குப் போயிருச்சு. தாலியத் தவிர நகை எல்லாம் அடகுக்கடையில, அந்த அடகுச் சீட்டு கூட இவங்க கையில இல்ல.

"அடிப்பாரா?"ன்னு கேட்டேன். "ஐயோ இல்ல மிஸ், நல்லவருதான், கோவம்தான் கொஞ்சம் வரும்"னாங்க. நான் அதுக்கு மேல அத தோண்டல, கடிதத்த ஒண்ணொண்ணா படிச்சு எந்தக் கடன் எப்போ எடுத்தது, கையெழுத்துப் போடும்போது யாரு கூட இருந்தா, பேங்க் ஆபிசர் கேட்டதுக்கு யாரு பதில் சொன்னான்னு மட்டும் கேட்டு எழுதிக்கிட்டு வந்தேன். மூணாவது தடவ வந்தப்ப, கார் லோன் ஃபாரத்த கையில வச்சுக்கிட்டு, "இதுக்கு கையெழுத்து போட மாட்டேன்னு என்னிக்காவது சொன்னீங்களா?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "சொன்னேன் மிஸ். அன்னிக்கு கழுத்த புடிச்சாரு. கொஞ்ச நேரம்தான்."

அந்த "கொஞ்ச நேரம்தான்"ங்குறத கேட்டா எனக்கு இன்னமும் வயித்த பிசையும். நம்ம வீடுகள்ல இத அடியாவே கணக்குல எடுக்க மாட்டாங்க, ரத்தம் இல்ல, காயம் இல்ல, கோவத்துல கழுத்த புடிச்சிட்டான்னு சொல்லி காபி கலக்கப் போயிருவாங்க. ஆனா அமெரிக்காவுல கொலை செய்யப்பட்ட, கொலையில இருந்து தப்பிச்ச பெண்களோட கேஸ்கள வச்சு செஞ்ச ஆய்வு 2008ல வந்துச்சு, துணைவன் ஒரு தடவையாவது கழுத்த நெரிச்சிருந்தா பிற்பாடு அவன் கையாலயே அந்தப் பெண் சாகுற ஆபத்து 7 மடங்குக்கு மேலன்னு அதுல கண்டுபுடிச்சாங்க. அதனால அந்த வார்த்தைய கேட்ட உடனே நாங்க கடன் கணக்க ஓரமா வச்சிட்டு பாதுகாப்பு பத்திதான் பேசுவோம். கழுத்த நெரிச்சா வெளிய தடம் தெரியாமலே உள்ள அடிபட்டிருக்கலாம், குரல் கம்மியிருந்தா, முழுங்க கஷ்டமா இருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

பணத்துல இருந்து ஆரம்பிக்கணும்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான். அடிச்சாரான்னு கேட்டா புருஷன காட்டிக்குடுக்குற மாதிரி இருக்கும், மானம் போயிரும்னு வாய் மூடிக்கும், கார்டு யாருகிட்ட இருக்குன்னு கேட்டா அப்படி ஒண்ணும் தோணாது, சொல்லிடுவாங்க, அந்த நூல புடிச்சுக்கிட்டு போனா மத்த எல்லாம் வெளிய வரும். மிச்சிகன்ல ஒரு ஆராய்ச்சிக் குழு 2008லயே இதுக்குன்னு 28 கேள்வி வச்சு ஒரு அளவுகோல் செஞ்சாங்க, பாதிக்கு மேல பணத்த எப்படி கட்டுப்படுத்துறான்னு, மத்தது அவ பணத்தையும் பேரையும் எப்படி தின்னு தீக்குறான்னு. 2012ல டெக்சஸ்ல ஒரு சட்டப் பேராசிரியர் மிரட்டி வாங்க வச்ச கடனுக்குன்னு தனியா ஒரு பேரே வச்சாங்க. ஆனா உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்னிச்சே, கிட்டத்தட்ட 3ல ஒரு பெண் வன்முறைய அனுபவிச்சிருக்கான்னு, அந்தக் கணக்குல உடல் வன்முறையும் பாலியல் வன்முறையும்தான் இருக்கு, பணம் இல்ல. இங்க பினாங்குல யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தோட கனிதா மையம் தீபகற்ப மலேசியா முழுக்க ஆய்வு செஞ்சு 2014ல சொன்னது, குடும்ப வன்முறைய அனுபவிச்சவங்க 9 சதவீதம், அதாவது லட்சக்கணக்கான பெண்கள். அந்த அம்மாகிட்ட முதல் நாள் யாராவது ஃபாரத்தோட வந்து கேட்டிருந்தா "இல்ல"ன்னுதான் டிக் பண்ணியிருப்பாங்க, இத நான் அடிக்கடி நெனச்சுக்குவேன்.

சட்டம் பத்தி நம்ம ஆளுங்களுக்குத் தெரியாதது நெறைய இருக்கு. குடும்ப வன்முறைச் சட்டம் 1994ல போட்டது, 2012ல மனரீதியான கொடுமைய சேத்தாங்க, 2017ல திருத்தி 2018 ஜனவரியில இருந்து அமலுக்கு வந்ததுல பாதிக்கப்பட்டவரோட சொத்த நேர்மையில்லாம எடுத்து அதனால அவங்க பண நஷ்டப்பட்டு வேதனப்பட்டா அதுவும் குடும்ப வன்முறைதான்னு எழுதியிருக்கு. ரெண்டு வருஷம் முன்ன ஒரு பாலாய்ல (போலீஸ் ஸ்டேஷன்ல) ரிப்போர்ட் செய்யப் போனப்ப, "இது புருஷன் பொண்டாட்டி காசு விஷயம், வீட்டுல போயி பேசிக்குங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, மறுநாள் சட்டப் பிரிவ பிரிண்ட் எடுத்துக்கிட்டு கூடப் போயிதான் ரிப்போர்ட் போட வச்சேன். புருஷன் மட்டும் இல்ல, அம்மாவோட பென்ஷன் கார்ட புடுங்கி வச்சிருக்குற மகனும் இந்தச் சட்டத்துக்குள்ள வருவான்.

இன்னொண்ணு, கோயில்ல தாலி கட்டி ரெஜிஸ்டர் பண்ணாம விட்ட கல்யாணம். 1982ல இருந்து பதிவு கட்டாயம், ஆனாலும் இன்னிக்கும் விட்டுடுறாங்க, பிறகு "எனக்கு சர்ட்டிபிகேட் இல்ல, போலீஸ் கேக்க மாட்டாங்க"ன்னு சகிச்சுக்கிட்டே இருக்காங்க. சடங்கு முறைப்படி கல்யாணம் ஆகி பதிவு இல்லாதவங்களையும் இந்தச் சட்டம் துணையாத்தான் பாக்குது, தைரியமா போங்க.

உயிருக்கு பயமா இருந்தா சமூக நல இலாகாவுக்குப் போயி அவசரப் பாதுகாப்பு ஆணை, ஈபிஓ கேக்கலாம். அதுக்கு போலீஸ் ரிப்போர்ட் தேவையில்ல, கோர்ட்டுக்கும் போக வேணாம், கேட்ட 2 மணி நேரத்துக்குள்ள அதிகாரி குடுக்கணும், 7 நாள் செல்லும். அந்த 7 நாள்ல ரிப்போர்ட் போட்டு, கோர்ட்ல இடைக்கால ஆணைக்கு விண்ணப்பிக்கணும்.

பாலியல் கொடுமை பத்தி நம்ம சமுதாயத்துல யாரும் வாய் தொறக்கறது இல்ல, ஆனா இதுலயும் பணம் இருக்கு. பிள்ள ஸ்கூல் காசு வேணும்னா ராத்திரி மறுக்கக் கூடாதுன்னு வச்சிருந்த வீட்ட எனக்குத் தெரியும். மலேசியாவுல குற்றவியல் சட்டம் 375ல, மனைவிய பலவந்தப்படுத்துனா அது ரேப் இல்லன்னு கணவனுக்கு இன்னமும் விலக்கு இருக்கு, அத எடுக்கச் சொல்லி பெண்கள் அமைப்புங்க வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு இருக்காங்க. ஆனா உறவுக்காக மனைவிய காயப்படுத்துனா இல்ல பயமுறுத்துனா 375ஏ பிரிவுல 5 வருஷம் வரைக்கும் ஜெயில், இது 2007ல இருந்து இருக்கு. யாரு செஞ்சிருந்தாலும் அரசாங்க ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில பாதிக்கப்பட்டவங்களுக்குன்னு ஓஎஸ்சிசின்னு தனி இடம் இருக்கு, கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியில ஆரம்பிச்சது, இப்போ நாடு முழுக்க. 72 மணி நேரத்துக்குள்ள போனா கர்ப்பம் தடுக்க, எச்ஐவி தடுக்க மருந்து குடுக்க முடியும். குளிக்காம, துணிய துவைக்காம, பேப்பர் பையில போட்டு எடுத்துக்கிட்டு போங்க.

பொண்ணு சம்பாதிச்சா எல்லாம் சரியாயிரும்னு மேடையில பேசுறாங்க, அத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன், பைய தூக்கிட்டு வந்தவங்க எல்லாரும் சம்பாதிக்கிறவங்கதான். தென்னாப்பிரிக்கா லிம்போபோ கிராமங்கள்ல செஞ்ச ஒரு ஆய்வு 2006ல வந்துச்சு, ஏழைப் பெண்களுக்கு சின்னக் கடனும் குடுத்து, கூடவே 10 தடவ உக்கார வச்சு உறவு, உரிமை, எச்ஐவி பத்தி பேசுனாங்க, துணைவன் செய்யுற வன்முறை 55 சதவீதம் கொறஞ்சுது. பிற்பாடு, கடன் மட்டும் குடுத்த கிராமங்களோட ஒப்பிட்டுப் பாத்தா அங்க வசதி கூடுச்சே தவிர வன்முறை அந்த மாதிரி கொறையல. நம்ம கோயில்லயும் தமிழ்ப்பள்ளி பெற்றோர் கூட்டத்துலயும் தையல் வகுப்பு, கேக் வகுப்பு நடத்துறவங்க தயவு செஞ்சு இத யோசிங்க, ஒரு அரை மணி நேரம் பணம் யாரு கையிலன்னு பேச விடுங்க.

உதவி செய்யணும்னு நெனக்கிறவங்க ஒரு தப்பு செய்வாங்க, "உடனே பேங்க மாத்து, சம்பளத்த வேற அக்கவுண்டுக்குப் போடச் சொல்லு"ம்பாங்க. அதே வீட்டுல இருந்துக்கிட்டு திடீர்னு செஞ்சா அன்னிக்கே அடி விழும், பிடி நழுவுற நேரமும் பிரிஞ்சு போற நேரமும்தான் ரொம்ப ஆபத்தானது. முதல்ல சத்தமில்லாம செய்ய முடிஞ்சத செய்யுங்க, ஐசி (அடையாள அட்டை), பிள்ளைங்க சூராட் பெரானாக் (பிறப்பு சர்ட்டிபிகேட்), அடகுச் சீட்டு எல்லாத்தையும் படம் எடுத்து நம்பிக்கையான ஆளு ஃபோன்ல வைங்க. நாட்டோட மத்திய வங்கி பேங்க் நெகாராவோட ஈசிசிஆர்ஐஎஸ்ல ஓசியில பாக்கலாம், உங்க பேர்ல என்னென்ன பேங்க் கடன் ஓடுதுன்னு தெரியும், ஆனா அவரு எடுத்துப் பாக்குற ஃபோன்ல பாக்காதீங்க. பேசணும்னா அரசாங்க உதவி லைன் தாலியான் காசிஹ் (Talian Kasih) 15999, வாட்ஸாப் 019-2615999, 24 மணி நேரமும். அடி விழுந்துக்கிட்டு இருந்தா 999.

அந்த அம்மா ஈபிஓ எடுத்தாங்க, அப்புறம் இடைக்கால ஆணையும் கெடச்சுது, இப்போ தங்கச்சி வீட்டுல பிள்ளைங்களோட இருக்காங்க. கடன் ஆலோசனை குடுக்குற ஏகேபிகே மூலமா கடன மாசாமாசம் கட்டுற மாதிரி ஒரு திட்டம் போட்டாச்சு. காரு இன்னமும் அவருகிட்டதான், தவணை இவங்க பேர்ல, பேங்குக்கு கையெழுத்துதான் கணக்கு. போன வாரம் கூட ஒரு கடிதம் வந்துச்சாம், பிரிச்சுப் படிச்சிட்டுதான் எனக்கு ஃபோன் பண்ணாங்க.