மூடுபனி மக்களும் எலியின் பல் தடமும்

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் சொல்லும் கதை இது. கஹுகுரா என்பவன் கடற்கரையில் மீன் குடல்கள் சிதறிக் கிடப்பதைப் பார்க்கிறான். இரவில் யாரோ மீன் பிடித்திருக்கிறார்கள். மறுநாள் இருட்டில் காத்திருந்தால், பட்டுபையரேஹே என்னும் வெளுத்த நிற மக்கள் வலை இழுக்கிறார்கள். கஹுகுராவும் கூட்டத்தோடு கலந்து இழுக்கிறான். மீனைக் கோக்கும்போது கயிற்று நுனியில் முடிச்சுப் போடாமல் விடுகிறான். மீன்கள் நழுவ நழுவ நேரம் போகிறது. விடிந்ததும் அவர்கள் வெயிலுக்கு அஞ்சி ஓட, கோரையால் பின்னிய வலை கரையிலேயே கிடக்கிறது. மாவோரிகள் வலை பின்னக் கற்றது அப்படித்தானாம்.

வெளுத்த தோல், சிவந்த முடி, மூடுபனி சூழ்ந்த மலைகளில் வாழ்க்கை. இதை வைத்து, மாவோரிகளுக்கு முன்பே அங்கே ஐரோப்பிய வெள்ளையர் வாழ்ந்தார்கள் என்று சிலர் வாதிடுகிறார்கள். சரி, இதைச் சோதிக்க முடியுமா? முடியும். அதற்கு உதவியது ஒரு எலி.

கியோரே என்னும் பசிபிக் எலியால் பெருங்கடலை நீந்திக் கடக்க முடியாது. மனிதரின் படகில் வந்தால்தான் உண்டு. அது கொறித்த விதைகளில் தனித்த பல் தடம் பதியும். சேற்றில் புதைந்த விதை பல நூற்றாண்டுகள் கெடாமல் கிடக்கும். கொறித்த விதையின் வயதை ரேடியோ கார்பன் முறையில் கணித்தால், எலி எப்போது வந்தது, அதாவது மனிதர் எப்போது வந்தார்கள் என்று தெரிந்துவிடும். 1996-இல் சில எலி எலும்புகளுக்கு ஏறத்தாழ 2000 ஆண்டு வயது என்று முடிவு வந்து பெரிய சர்ச்சை எழுந்தது. 2008-இல் அதே இடங்களின் எலும்புகளையும், நூற்றுக்கு மேற்பட்ட விதைகளையும் மறுபடி சோதித்தார்கள். எலும்போ கொறித்த விதையோ எதுவும் சுமார் 1280-க்கு முந்தையது அல்ல. தராவேரா எரிமலை 1314 வாக்கில் கக்கிய சாம்பல் அடுக்கு இன்னொரு சாட்சி. அதை ஒட்டிய காலத்திலிருந்துதான் காடு எரிந்த கரி மண்ணில் பெருகுகிறது. மாவோரிகளுக்கு முன்னால் ஒரு சமூகமே வாழ்ந்திருந்தால் அடுப்பு, குப்பை, எலும்பு என்று ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும். எதுவும் கிடைக்கவில்லை.

அப்படியானால் சிவந்த முடி? மாவோரிகளிடமே அது உண்டு. ‘உருகேஹு’ என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். பசிபிக்கின் சாலமன் தீவுகளில் கறுத்த தோலும் பொன்னிற முடியும் கொண்டவர்கள் உண்டு. அந்த முடிக்குக் காரணமான மரபணு மாற்றம் ஐரோப்பியரிடம் இருப்பது அல்ல, தனியே தோன்றியது என்று 2012-இல் தெரியவந்தது. முடியின் நிறத்தை மட்டும் வைத்து ஐரோப்பாவுக்குப் போய்விட முடியாது. அப்புறம், கதையிலேயே ஒரு துப்பு இருக்கிறது. கஹுகுராவும் ஏறக்குறைய அவர்களைப் போலவே வெளுத்திருந்ததால்தான் அவனை யாரும் கண்டுகொள்ளவில்லை!

‘மாவோரிகள் முதல் குடிகள் அல்ல’ என்ற பேச்சை நான் வெறும் ஆர்வக் கதையாகப் பார்க்கவில்லை. 1840-இல் பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே கையெழுத்தான வைத்தாங்கி ஒப்பந்தத்தின் கீழ் அவர்கள் கேட்கும் நில உரிமையை நீர்த்துப்போகச் செய்யவும் அது பயன்படுகிறது. அவர்களுடைய கதையை அவர்களுக்கு எதிராகவே திருப்புவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இந்தக் கதைகளில் உண்மை வேறு விதமாக இருக்கிறது. பிரோங்கியா மலைக் கதையில், மூடுபனி மக்களின் தலைவன் கவர்ந்துபோன ஒரு மாவோரியின் மனைவியை மீட்க, வீட்டில் செங்காவி பூசி, சமைத்த உணவின் மணத்தைப் பரப்புகிறார்கள். அந்தத் தலைவன் நெருங்க முடியாமல் திரும்புகிறான். செங்காவி புனிதமானது. சமைத்த உணவு ‘தபு’ என்னும் புனிதத் தடையை நீக்கும். மாவோரி வாழ்வின் இந்த விதிகளைத்தான் கதை தலைமுறை தலைமுறையாகக் காத்துவைத்திருக்கிறது.