"என் ராசி அப்படி"

சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர், உட்கார்ந்ததும் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். பேசிக்கொண்டிருக்கும்போது அது இரண்டு முறை அதிர்ந்தது. எடுக்கவில்லை. "வேலைக்கு எழுதிப் போட்ட இடமா இருக்கும்மா. இல்லைன்னு சொல்லத்தான் கூப்பிடுவாங்க. என் ராசி அப்படி" என்றார்.

ஐம்பதைத் தாண்டியவர். சிங்கப்பூரின் ஈசூனில் வீடு. சரக்குக் கப்பல் அலுவலகம் ஒன்றில் பல வருஷம் இருந்து, ஆட்குறைப்பில் வெளியே வந்தவர். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ராசி, தலையெழுத்து, நமக்கெல்லாம் எங்கே... ஆலோசகராக இந்தச் சொற்களைத் தினமும் கேட்கிறேன். நல்லதைச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கெட்டதையே எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றமாவது இருக்காது என்று மனசு ஒரு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு உதைக்கிறது. வராத கஷ்டத்துக்கும் உடம்பு முன்கூட்டியே பாடுபடுகிறது: விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, கழுத்து இறுக்கம், சாப்பாடு பிடிக்காமல் போவது. இந்த அண்ணனுக்கு மூன்றுமே இருந்தன.

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன், கெட்டது நடந்தால் அதற்கு நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் காரணத்தைக் கவனிக்கச் சொன்னார். "என்னாலதான்", "எப்பவும் இப்படித்தான்", "எல்லாமே போச்சு". இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் மனிதர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "என் ராசி" என்ற இரண்டு சொல்லுக்குள் மூன்றும் அடக்கம்.

செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1960களில் நாய்களை வைத்துச் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். தப்பிக்க வழியில்லாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு வழி இருந்தும் அசையாமல் கிடந்தன. செயலற்றுப்போவதை அவை கற்றுக்கொண்டன என்றுதான் அன்று விளக்கினார்கள். மூளை ஆய்வுகளைப் பார்த்தபின், 2016இல் அவர்களே அதைத் திருத்தினார்கள். நீண்ட துன்பத்தில் சுருண்டு கிடப்பது உயிர்களின் இயல்பான எதிர்வினை. 'என் கையில் ஏதோ இருக்கிறது' என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமாம். என் வேலையில் இதைவிட எனக்குத் தெம்பு தந்த திருத்தம் இல்லை. மனம் தளர்ந்து கிடப்பவரைக் கோழை என்று யாரும் சொல்லக் கூடாது.

சரி, அவரோடு என்ன செய்தோம்? ஒரு நோட்டில் அவர் எழுதிப் போட்ட வேலைகளைத் தேதிவாரியாக எழுதச் சொன்னேன். "எல்லா இடத்திலயும் வேண்டாம்னுட்டாங்க" என்றவரின் நோட்டில் பதினான்கு இடங்கள் இருந்தன. வேண்டாம் என்று சொன்னவை மூன்று. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டவை இரண்டு. மீதி ஒன்பதில் பதிலே இல்லை.

"பதில் வராததை வேண்டாம்னு யாருண்ணே எழுதினது?" என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் நோட்டையே பார்த்தார். "நான்தாம்மா" என்றார்.

அப்புறம் ஒரே ஒரு வேலை கொடுத்தேன். தினமும் காலை 11 மணிக்குள், வீட்டுக்குக் கீழே கோப்பிக்கடையில் உட்கார்ந்து, ஓர் இடத்துக்குத் திருப்பி அழைக்க வேண்டும். முதல் நாள் கிடைத்த பதில், ஆள் எடுத்தாகிவிட்டது என்பதுதான். மறுநாளும் அழைத்தார். எனக்கு அதுதான் முக்கியம். 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் புதுத் திறன் படிக்க 2024 மே மாதம் அரசு கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை அவர் கணக்கில் அப்படியே கிடந்தது. மூன்றாவது வாரம் ஒரு வகுப்புக்குப் பதிந்துவிட்டு வந்து சொன்னார்.

'எல்லாம் நல்லதாகவே நடக்கும்' என்று நான் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதற்கும் ஆதாரம் கிடையாது. வீட்டில் இருப்பவர்களும் "கவலைப்படாதீங்க" என்று வாயை அடைக்காமல், "இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் ராசி கொஞ்சம் ஒதுங்கி நிற்கும்.

நோட்டும் கோப்பிக்கடையும் போதாத நிலையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்கள் மனம் கனத்து, எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுப்போயிருந்தால் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் தேசிய மனநல உதவி எண் 1771ஐ அழைக்கலாம். உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் எந்நேரமானாலும் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767ஐ அழையுங்கள். அந்த எண்ணம் வீட்டில் வேறு யாருக்கோ இருக்கும் என்று தோன்றினாலும் நீங்களே அழைத்துக் கேட்கலாம்.