யார் ஊசி போட்டது என்று நாம் ஏன் கேட்பதில்லை?

2019 ஏப்ரல் 22 அன்று தோஹாவில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் கோமதி மாரிமுத்து 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். திருச்சிப் பக்கம் முடிகண்டம் என்று ஓர் ஊர் இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு பரிசுத்தொகை கொடுத்தன. ஒரு மாதம்கூட அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. அவரது சிறுநீர் மாதிரியில் நாண்ட்ரலோன் என்ற, தசையைப் பெருக்கும் தடைசெய்த ஸ்டீராய்டின் தடயம் இருப்பதாகச் செய்தி வந்தது.

நான் விளையாட்டு மருத்துவர். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் தடகளம், கபடி, பளுதூக்குதல் பயிலும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும்தான். அந்த வாரம் எல்லோரும் கோமதியைப் பற்றித்தான் பேசினார்கள். ஒரு சாரார், “நம்ம பொண்ணு ஜெயிச்சது பொறுக்காம மாட்டிவிட்டுட்டாங்க சார்” என்றார்கள். இன்னொரு சாரார், “கொடுத்த காசைத் திருப்பி வாங்கணும், மானத்தை வாங்கிட்டா” என்றார்கள். முதல் வாரம் ஒரு பக்கமும் அடுத்த வாரம் மறுபக்கமும் பேசியவர்களும் உண்டு. அந்த மருந்து ஓர் ஏழை வீட்டுப் பெண்ணின் உடம்புக்குள் எந்த வழியாகப் போயிருக்கும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றுதான் கோமதி சொன்னார். 2020 ஜூனில் நான்காண்டுத் தடை உறுதியானது, தங்கம் சீனாவின் வாங் சுன்யுவுக்குப் போனது. கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. அவரது மாதிரி முதலில் எடுக்கப்பட்டது தோஹாவில் இல்லை. மார்ச் மாதமே பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் எடுத்திருந்தார்கள். அந்த முடிவு நேரத்தில் வந்திருந்தால் அவர் விமானமே ஏறியிருக்க மாட்டார். ஊரே கொண்டாடி, பிறகு ஊரே பேசும் நிலை அவருக்கு வந்திருக்காது.

சதி என்று சொல்பவர்களுக்கு முதலில் மாதிரி எடுக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். வீரர் தானே ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுப்பார். ஏ, பி என்ற இரண்டு புட்டிகளிலும் தன் கையாலேயே ஊற்றி மூடி முத்திரை வைப்பார். ஆய்வுக்கூடத்துக்குப் போகும் புட்டியில் ஓர் எண் மட்டும் இருக்கும். யாருடைய மாதிரி என்று அங்கே தெரியாது. ஏ புட்டியின் முடிவில் சந்தேகம் இருந்தால், பி புட்டியைத் திறக்கும்போது வீரரோ அவரது பிரதிநிதியோ நேரில் இருக்கலாம். நாண்ட்ரலோனைப் பொறுத்தவரை பெண்களின் மாதிரியில் கர்ப்பம் இருக்கிறதா, மாதவிடாய்க்குத் தரும் நோரெதிஸ்டிரோன் மாத்திரை எடுத்திருக்கிறாரா என்றும் பார்ப்பார்கள். இரண்டுமே அந்தத் தடயத்தை உண்டாக்கக்கூடியவை.

அப்படியென்றால் ஆய்வுக்கூடம் தவறே செய்யாதா? செய்யும். இலங்கை கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவுக்கு அதுதான் நடந்தது. 2015 டிசம்பரில் நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்தின் நடுவில் திருப்பி அழைக்கப்பட்டார். கத்தார் ஆய்வுக்கூடம் அவர் மாதிரியில் ஸ்டீராய்டு இருப்பதாகச் சொல்லியிருந்தது. நான்காண்டுத் தடை வரலாம் என்ற நிலை. 2016 டி20 உலகக் கோப்பையில் அவரால் ஆட முடியவில்லை. இலங்கையிலும் கோபம் கொந்தளித்தது. ஆனால் அவரைக் காப்பாற்றியது கோஷம் இல்லை. வழக்கறிஞர்களும் நிபுணர்களும் அந்த முடிவை அறிவியல்படி கேள்வி கேட்டார்கள், ஆய்வுக்கூடம் தன் முடிவைத் திரும்பப் பெற்றது, 2016 மே மாதம் ஐசிசி குற்றச்சாட்டைக் கைவிட்டது. வீரர் பக்கம் நிற்பது என்றால் இப்படித்தான் நிற்க வேண்டும். இந்த அளவுக்குச் செலவு செய்ய ஒரு கிரிக்கெட் வாரியத்தால் முடியும். தடகள வீராங்கனைக்கு அந்த வசதி எங்கே இருக்கிறது?

துரோகம் என்று சொல்பவர்களுக்குக் கனடாவின் கதை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடினார். மூன்று நாளில் ஸ்டனோசொலோல் என்ற ஸ்டீராய்டு கண்டுபிடிக்கப்பட்டுத் தங்கம் பறிபோனது. ஜெயித்த அன்று அவர் கனடாக்காரர், மாட்டிய பிறகு பல செய்திகளில் அவர் ஜமைக்காவிலிருந்து வந்தவர் ஆகிவிட்டார். நம்மூரில் நடப்பதும் இதுவேதான். ஜெயித்தால் தமிழச்சி, மாட்டினால் யாரோ ஒருத்தி.

ஆனால் கனடா அதோடு நிற்கவில்லை. நீதிபதி சார்லஸ் டூபின் தலைமையில் அரசு ஒரு விசாரணை வைத்தது. 1989-ல் பயிற்சியாளர் சார்லி பிரான்சிஸ், டாக்டர் ஜேமி ஆஸ்டஃபன் உட்படப் பலர் சாட்சி சொன்னார்கள். எப்போது தொடங்கியது, யார் கொடுத்தார், எந்த மருந்து, யாருக்கெல்லாம் தெரியும் என்று எல்லாமே வெளியே வந்தது. ஒரு நாட்டின் அவமானம் பிரயோஜனமான வேலையாக மாறியதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

நம்மிடம் அந்தக் கேள்விகள் ஏன் அவசரம் என்பதற்கு எண்கள் இருக்கின்றன. 2023-ல் இந்தியாவில் 5,606 மாதிரிகள் எடுக்கப்பட்டு 213-ல் தடைசெய்த பொருள் இருந்தது. 3.8 விழுக்காடு. ஐந்தாயிரத்துக்கு மேல் சோதனை செய்த நாடுகளில் இதுவே அதிகம். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி ஜவஹர்லால் நேரு அரங்கில் மாநில தடகளப் போட்டி நடந்தது. கழிப்பறையில் சிரிஞ்சுகள் கிடக்கும் வீடியோ வெளியானது. நாடா (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஒரே ஒருவர்தான் ஓடினார். மற்றவர்கள் வரவேயில்லை.

இவர்கள் ஒலிம்பிக் கனவில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இல்லை. பெரும்பாலும் அரசு வேலைக்காக. மாநில அளவில் ஒரு சான்றிதழ் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ், ரயில்வே, ராணுவம் என்று ஏதாவது ஒரு கதவு திறக்கும். கூலி வேலை செய்யும் அப்பாவுக்கு அந்தச் சான்றிதழ்தான் கண்ணில் தெரிகிறது. “மாஸ்டர் சத்து ஊசி ஒண்ணு போடச் சொன்னார், போடலாமா சார்?” என்று என்னிடம் வெள்ளந்தியாகக் கேட்கும் பெற்றோரை இன்றும் பார்க்கிறேன். ஊசியின் பெயர் கேட்டால் தெரியாது. சில நேரம் கசங்கிய துண்டுச்சீட்டில் எழுதி வந்திருக்கும். அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

நாண்ட்ரலோன் ஒன்றும் வெளிநாட்டு ரகசிய மருந்து இல்லை. வயதானவர்களுக்குப் பலம் வர, எலும்பு தேறப் போடும் ஊசியாக நம்மூர் மருந்துக்கடையில் பல காலமாக இருக்கிறது. அதனால்தான் ‘சத்து ஊசி’ என்ற பெயரில் சுலபமாக நுழைந்துவிடுகிறது. ஒருமுறை போட்டால் பல மாதங்கள் கழித்தும் சிறுநீரில் தெரியும். பதினாறு வயதுப் பெண்ணுக்குப் போட்டால் குரல் கட்டையாகும், மாதவிடாய் நிற்கும், முகத்தில் முடி வளரும். மருந்தை நிறுத்தினாலும் குரல் பழையபடி ஆகாது. வளரும் பையன்களுக்கு எலும்பின் வளர்ச்சித் தட்டு சீக்கிரம் மூடிக்கொண்டு உயரம் நின்றுவிடும். விந்தணு குறையும். தடை நான்கு ஆண்டில் முடிந்துவிடும், இவற்றில் சில முடியாது.

எல்லா வழக்கும் இப்படி இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 2019-ல் கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷா மாட்டியது இருமல் மருந்தில் இருக்கும் டெர்பியுடலினால். எட்டு மாதத் தடை. சளி, இருமல், மூச்சிரைப்பு, மூட்டு வலி என்று எதற்கு மருந்து வாங்கினாலும் “நான் போட்டிகளில் ஆடுகிறவன்” என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஆஸ்துமாவுக்கு, சர்க்கரைக்கு மருந்து தேவைப்படுகிறவர்கள் நாடாவிடம் முன்கூட்டியே சிகிச்சை விலக்கு, அதாவது அந்த மருந்தை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். லேகியம், சூரணம், புரதப் பவுடர் இவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று லேபிளை வைத்து யாராலும் உறுதி சொல்ல முடியாது. 2011-ல் இந்தியத் தொடர் ஓட்ட வீராங்கனைகள் ஸ்டீராய்டில் மாட்டியபோது பழி ஜின்செங் மாத்திரைமேல் விழுந்தது. தடையிலிருந்து அது அவர்களைக் காப்பாற்றவில்லை. உடம்புக்குள் போகும் எதற்கும் வீரரே பொறுப்பு என்பதுதான் விதி.

அப்புறம், அறிவிப்புக் கடிதம் வந்துவிட்ட வீட்டுக்கு ஒரு விஷயம். இப்போதுள்ள உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிப்படி, நான்காண்டுத் தடை வரக்கூடிய வழக்கில் குற்றச்சாட்டு கிடைத்து 20 நாளுக்குள் உண்மையை ஒப்புக்கொண்டு தண்டனையை ஏற்றால் ஓராண்டு குறையும். மருந்து கொடுத்தவரை அடையாளம் காட்டி விசாரணைக்கு உருப்படியாக உதவினால், தண்டனையில் நான்கில் மூன்று பங்கு வரை நிறுத்திவைக்க வழி இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு ஸ்டீராய்டு கொடுத்த பயிற்சியாளருக்கு ஆயுள் தடையே வரலாம். பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை. அந்த 20 நாளும் வீட்டுத் திண்ணையில் சதி என்று ஒரு கூட்டம் பேசும், வெளியே இன்னொரு கூட்டம் திட்டும். மருந்து கொடுத்தவரோ “வாயைத் திறக்காதே, நான் பார்த்துக்கிறேன்” என்று போன் செய்துகொண்டிருப்பார். நீங்கள் அந்த ஊர்க்காரராக, ரசிகராக, உறவினராக இருந்தால், அந்தப் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு உட்கார வைத்து, “உனக்கு இதை யாரும்மா கொடுத்தது?” என்று கேளுங்கள். சொன்னால், மறுநாளே ஒரு வழக்கறிஞரிடம் கூட்டிப்போங்கள்.