10 ரூபாய் பங்கு, 900 ரூபாய் விலை: மிச்சம் 890 எங்கே போகிறது?

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: "மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி ஸ்டார் ஹெல்த் பங்கின் முகமதிப்பு, அதாவது பங்கில் குறித்த அடிப்படை மதிப்பு, 10 ரூபாய்தான். 2021 டிசம்பரில் 900 ரூபாய்க்கு விற்றார்களே, மிச்சம் 890 யாருக்குப் போச்சு?"

புதிதாக வெளியிட்ட பங்கு என்றால் முழுப் பணமும் கம்பெனிக்குத்தான். 10 ரூபாய் பங்கு மூலதனத்திலும், 890 ரூபாய் 'பங்கு பிரீமியம்' கணக்கிலும் ஏறும். அமெரிக்க அறிக்கைகளில் இதற்கு அடிஷனல் பெய்டு-இன் கேபிடல் என்று பெயர். நீங்கள் பாலிசிக்குக் கட்டும் பிரீமியம் வேறு, இது வேறு. பழைய பங்குதாரர் தன் பங்கை விற்றால் கம்பெனிக்குச் சல்லிக்காசு வராது. 2022 மே மாத எல்ஐசி வெளியீடு முழுக்க அந்த வகை. 949 ரூபாய் விலையில் விற்றது மத்திய அரசு, பணமும் அரசுக்கே போனது.

இந்தப் பணம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஏன் உயிர்நாடி என்பதில்தான் சுவாரசியம். ஒரு பொதுக் காப்பீட்டுக் கம்பெனி (வண்டி, கடை போன்ற ஆயுள் அல்லாத காப்பீடு விற்பது) 10 ரூபாய் முகமதிப்புள்ள 2 கோடி பங்குகளைத் தலா 100 ரூபாய்க்கு வெளியிடுகிறது என்று வையுங்கள். மூலதனம் 20 கோடி, பங்கு பிரீமியம் 180 கோடி. ஆக 200 கோடி. மறுகாப்பீடு (கம்பெனி தன் சுமையில் ஒரு பங்கை வேறு கம்பெனியிடம் காப்பீடு செய்வது) போக ஆண்டு பாலிசி வசூல் 500 கோடி, கிளைம் 320 கோடி. வசூலில் 20 சதவீதம் (100 கோடி), கிளைமில் 30 சதவீதம் (96 கோடி), இதில் எது பெரிதோ அதுவே தேவையான சால்வென்சி தொகை (கிளைம்களைத் தீர்க்கும் திறனுக்காக வைத்திருக்க வேண்டிய பணம்) என்பது விதியின் சாரம். கையிருப்பு 200, தேவை 100, விகிதம் 2. காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ கேட்பது குறைந்தது 1.5. இதுவரை நிம்மதி.

இப்போது 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போல ஒரு மழை. வியாசர்பாடியில் வண்டிகள் மூழ்குகின்றன, கொடுங்கையூரில் கடைகளுக்குள் தண்ணீர். கிளைம் 400 கோடியாகிறது, நிர்வாகச் செலவு 130 கோடி. 500 கோடி வசூலில் 30 கோடி நட்டம், கையிருப்பு 170 ஆகிறது. அதோடு நிற்பதில்லை! கிளைம் கூடியதால் தேவையும் 120 கோடிக்கு (400-இல் 30 சதவீதம்) ஏறிவிட்டது. 170-ஐ 120-ஆல் வகுத்தால் சுமார் 1.42. ஒரே மழை மேலே குறைத்து, கீழே கூட்டி, இரண்டு பக்கமும் அடிக்கிறது.

1.5-க்குத் திரும்ப 180 கோடி வேண்டும். பற்றாக்குறை 10 கோடி. 100 ரூபாய் விலை கிடைத்தால் 10 லட்சம் பங்கு போதும்: 1 கோடி மூலதனம், 9 கோடி பிரீமியம். முகமதிப்புக்கே விற்க நேர்ந்தால் 1 கோடி பங்கு அச்சடிக்க வேண்டும், பழைய பங்குதாரர்களின் பிடி மூன்றில் இரண்டாகச் சுருங்கும். அதனால் விகிதம் சரியும் முன்பே, நல்ல விலை கிடைக்கும்போதே மூலதனம் திரட்டுவதுதான் பொறுப்பான நிர்வாகம். தள்ளிப்போட்டால் சுமை வேறு தலையில் விழும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உட்பட மூன்று பொதுத்துறைக் கம்பெனிகளுக்கு 2019-20 முதல் மூன்று நிதியாண்டுகளில் மத்திய அரசு 17,450 கோடி ரூபாய் மூலதனம் போட்டது. அது வரிப்பணம்.

பங்கு பிரீமியத்தை எடுத்து டிவிடெண்ட் கொடுக்க முடியாது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 52-ஆம் பிரிவு போனஸ் பங்கு, வெளியீட்டுச் செலவு, பங்குகளைத் திரும்ப வாங்குவது போன்ற சில வழிகளை மட்டுமே திறந்து வைத்திருக்கிறது. நட்டத்தை இதில் கழிக்க மூலதனக் குறைப்பு நடைமுறையில் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் அனுமதி வேண்டும்.

அறிக்கை படிப்பவர்கள் வழுக்குவது இங்கேதான். பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளின் இணையதளத்தில், கையிருப்பு நிதிகளைக் காட்டும் என்எல்-10 படிவத்தைத் திறந்தால், மேற்சொன்ன 30 கோடி நட்டத்துக்குப் பிறகும் பங்கு பிரீமியம் அதே 180 கோடியாக நிற்கும். நட்டம் பேலன்ஸ் ஷீட்டில் 'லாப நட்டக் கணக்கின் பற்று நிலுவை' என்று தனியே கிடக்கும். பிரீமியத்திலிருந்து அந்த நட்டத்தைக் கழித்துப் பார்த்த பிறகு சால்வென்சிக்கான என்எல்-26 படிவத்துக்குப் போங்கள். இந்தப் படிவங்களைத் தமிழிலும் வெளியிட ஐஆர்டிஏஐ கட்டாயப்படுத்த வேண்டும். பாலிசியைத் தமிழில் பேசித்தானே விற்கிறார்கள்.