பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஓரங்களைப் பாருங்கள்

பழைய புத்தகங்களைச் செப்பனிடுவது என் தொழில். வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "ஓரமெல்லாம் அழுக்கா இருக்கு, மூணு பக்கமும் வெட்டி நல்லா பைண்டிங் போட்டுக் கொடுங்க." அவர்களுக்கு நான் பிரான்ஸின் போர்தோ நகர நூலகத்தில் இருக்கும் ஒரு பிரதியைப் பற்றிச் சொல்வேன்.

16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் மிஷெல் தெ மொந்தேன் தன் 'கட்டுரைகள்' நூலை விரிவாக்கி 1588-இல் பாரிஸில் வெளியிட்டார். அச்சாகி வந்ததும் வேலை முடிந்தது என்று அவர் விட்டுவிடவில்லை. 1592-இல் இறக்கும்வரை அதன் ஒரு பிரதியின் ஓரங்களில் எழுதிக்கொண்டே இருந்தார். அச்சான வரிகளை அடித்தார், சொற்களை மாற்றினார், புதிய பத்திகளைச் சேர்த்தார். சில பக்கங்களில் வெற்றிடமே கிடையாது. பிறகு 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பிரதியை பைண்டிங்குக்குக் கொடுத்தார்கள். பைண்டர் வழக்கம்போல் ஓரத்தை வெட்டினார். மொந்தேன் கைப்பட எழுதிய வரிகளின் நுனிகள் அதோடு போய்விட்டன. மொந்தேன் இறந்தபின் மரி தெ கூர்னே 1595-இல் கொண்டுவந்த பதிப்பு இருப்பதால் விடுபட்ட சொற்களை ஓரளவு ஊகிக்க முடிகிறது. இல்லாவிட்டால் ஐரோப்பிய மறுமலர்ச்சியின் மிக அந்தரங்கமான எழுத்தில் சில துண்டுகள் பைண்டரின் குப்பைக்கூடையோடு முடிந்திருக்கும்.

அந்தக் காலத்துத் தாள் கந்தல் துணியில் செய்தது. லினன் கந்தலை ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, கம்பிச் சட்டத்தில் அள்ளி, உலர்ந்தபின் தோல்பசையில் முக்கி எடுப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் கம்பிகளின் கோடு இன்றும் தெரியும். மரக்கூழில் செய்த நம் தாத்தா காலத்துப் புத்தகம் தொட்டாலே நொறுங்குகிறது. 400 ஆண்டு பழைய கந்தல் தாளோ வளைந்து கொடுக்கிறது. அச்சு மை ஆளிவிதை எண்ணெயில் புகைக்கரியைக் குழைத்தது, தண்ணீருக்கு அசையாது. கையெழுத்து மசி மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சியது. 19ஆம் நூற்றாண்டில் பழைய நூல்களை 'சுத்தம்' செய்கிறோம் என்று கழுவி வெளுத்தார்கள். அச்சு அப்படியே நின்றது. வாசகர்கள் எழுதி வைத்ததெல்லாம் வெளிறிப்போனது. எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம் இது.

'ஸ்கேன் பண்ணியாச்சே, இனி அசல் புத்தகம் எதற்கு?' என்றும் கேட்கிறார்கள். 1623-இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை திருத்தினார்கள். திருத்தும் முன் அச்சான தாள்களையும் வீசாமல் சேர்த்தே கட்டினார்கள். அதனால் பிரதிக்குப் பிரதி வேறுபாடு உண்டு. வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் நூலகம் அதன் 82 பிரதிகளை வைத்திருப்பதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. நம் பக்கமும் அதே காலம்தான்: 1578-இல் கொல்லத்தில் அச்சான தமிழ்க் கிறிஸ்தவ நூல் 'தம்பிரான் வணக்கம்' வெறும் 16 பக்கம். அறியப்பட்ட ஒரே பிரதி ஹார்வர்டில் இருக்கிறது.

சரி, உங்கள் வீட்டுப் புத்தகத்துக்கு என்ன செய்யலாம்? செலோ டேப் ஒட்டாதீர்கள், அதன் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பாகிவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அதைத் திரும்பப் பிரிப்பது பெரும்பாடு. தாளைப் புரட்ட வெள்ளைத் துணிக் கையுறையும் தேவையில்லை. விரலுக்கு உணர்வு குறைந்து தாள் கிழியும். கழுவி நன்றாகத் துடைத்த கை போதும். பைண்டிங்குக்குத்தான் கொடுக்கிறீர்கள் என்றால், முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். பெயர், தேதி, பென்சில் கோடு என்று எது இருந்தாலும் பைண்டரிடம் காட்டி, 'கட்டிங் வேண்டாம்' என்று சீட்டில் எழுதியே கொடுங்கள்.